அல்மாஸ் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள்?

கேள்வி: உலகம் முழுக்கப் பெண்கள் படும் பாட்டை 12 சிறுகதைகளாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாட்டுக்கு ஒரு கதை. முதல் கதை எத்தியோப்பியா. பிரசவத்தில் மூத்திரப்பையில் பிஸ்டுலா என்னும் ஓட்டை விழுந்து ஊரால் ஒதுக்கப்படும் அல்மாஸ் என்ற பெண்ணைப் பற்றியது, பிரதியை இணைத்திருக்கிறேன். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. ஓரிடத்தில் "கட்டுரை மாதிரி இருக்கிறது" என்றார்கள், இன்னோரிடத்தில் "அழுகை அதிகம்" என்றார்கள். நான் எத்தியோப்பியாவுக்குப் போனதில்லை. போகாத ஊரைப் பற்றி எழுதக் கூடாதா? எங்கே தவறுகிறேன்?
வாசகி, ஈரோடு

பதில்: வணக்கம். மற்ற வாசகர்களுக்காக உங்கள் கதையை முதலில் சுருக்கிவிடுகிறேன். அல்மாஸுக்கு 13 வயதில் கல்யாணம். குடிகாரக் கணவன், கொடுமைக்கார மாமியார். ஜூலை மாதத்துக் கொளுத்தும் வெயிலில் மூன்று நாள் பிரசவ வலி. குழந்தை இறந்து பிறக்கிறது. பிறந்த நொடியே அவளுக்குச் சிறுநீர் ஒழுகத் தொடங்குகிறது. ஊர் கூடி அவளைக் காட்டுக்கு விரட்டுகிறது. வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் குணப்படுத்துகிறார். கடைசிப் பக்கத்தில் அல்மாஸ் பெண்ணுரிமை பற்றிப் பேசுகிறாள்.

11 பக்கத்தில் 14 இடங்களில் அவள் அழுகிறாள். ஓரிடத்தில்கூடத் தண்ணீர் குடிக்கவில்லை. கதை உங்கள் கையை விட்டு நழுவியது அங்கேதான். ஏன் என்று சொல்கிறேன்.

போகாத ஊரைப் பற்றி எழுதலாம். ஆனால் தெரியாத வலியைப் பற்றி எழுதக் கூடாது. அந்த வலி உடம்பில் எப்படி உண்டாகிறது, ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் எப்படி மாற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் ஊரின் பாதி தானாகவே கைக்கு வந்துவிடும். உங்களுக்கு எத்தியோப்பியாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது, பிஸ்டுலாவைப் பற்றி அதைவிடக் குறைவாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தெரியாத இடத்தையெல்லாம் அழுகையால் நிரப்பியிருக்கிறீர்கள்.

முதலில் உடம்பு. குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் வந்து மாட்டிக்கொள்கிறது. வலி நிற்பதில்லை, கருப்பை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அந்தத் தலையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தலைக்கும் எலும்புக்கும் நடுவில் சிக்கிக்கொள்வது மூத்திரப்பையின் சுவரும் பிறப்புப் பாதையின் சுவரும். இரண்டு நாள், மூன்று நாள் அங்கே ரத்த ஓட்டம் இல்லை. குழந்தை உள்ளேயே இறந்துவிடுகிறது. இறந்த பிறகு தலை தளர்ந்து, அப்போதுதான் வெளியே வருகிறது. நசுங்கிய சதை அந்த நொடியே கிழிவதில்லை. அது செத்துப்போயிருக்கிறது, செத்த சதை கழன்று விழப் பெரும்பாலும் மூன்று முதல் பத்து நாள் ஆகிறது. விழுந்த இடத்தில் ஓட்டை. சிலருக்கு மலக்குடல் பக்கமும் ஓட்டை விழுகிறது. தலை அழுத்தியதில் காலுக்குப் போகும் நரம்பும் நசுங்கினால் பாதம் தொங்கிப்போகும். அவள் கம்பு ஊன்றித்தான் நடப்பாள்.

இப்போது உங்கள் வரியைப் பாருங்கள்: "குழந்தை பிறந்த நொடியே ஒழுகத் தொடங்கியது." மருத்துவத் தவறு என்பதற்காக மட்டும் இதைத் திருத்தச் சொல்லவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள், கதையின் மிகக் கனமான நாட்கள் அவை. குழந்தையைப் புதைத்தாகிவிட்டது. தான் பிழைத்துவிட்டோம் என்று அவள் நினைக்கிறாள், வீட்டாரும் அப்படியே. மூன்றாம் நாள் பால் கட்டுகிறது. உடம்புக்குக் குழந்தை இல்லை என்று தெரியாது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ விடிகாலையில் படுக்கை நனைந்திருக்கிறது. வியர்வை என்று நினைக்கலாம், பால் என்று நினைக்கலாம். துணியை மாற்றிக்கொண்டு படுக்கிறாள். திரும்பவும் நனைகிறது. யாரிடமும் சொல்லாமல் அவள் மாற்றும் மூன்றாவது துணியிலிருந்து உங்கள் கதை தொடங்கினால் போதும். கல்யாணமும் தேவையில்லை, தாலியும் தேவையில்லை. (அங்கே தாலி கிடையாது, முதல் பக்கத்தில் ஒரு இடத்தில் வந்துவிட்டது, எடுத்துவிடுங்கள்.)

அடுத்தது அளவு. "எப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு? ஓரளவு தண்ணீர் குடிக்கிறவருக்கு ஒரு நாளில் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீர் பிரிகிறது. மூத்திரப்பையில் தங்க வழியில்லை என்றால் அது மணிக்கு 60 மில்லி, இரவும் பகலும். நம் காப்பி டம்ளரில் பாதி, மணிக்கு ஒரு தடவை. இப்படிக் கணக்குப் போட்டுவிட்டால் துணி எத்தனை வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், கூட்டத்தில் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று எல்லாம் தெளிவாகிவிடும். கோயில் வழிபாடு இரண்டு மணி நேரம் என்றால் அவளால் இருக்க முடியாது. துக்க வீட்டில் தரையில் உட்கார்ந்து எழுந்தால் இடம் நனைந்திருக்கும். ஊர் விரட்டுவதற்கு முன்னால் அவளே போவதை நிறுத்திக்கொள்வாள். பெரும்பாலான பெண்களின் வாழ்க்கையில் நடப்பது அதுதான். காட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் மிகக் குறைவு. பலர் தாய் வீட்டுக்குத் திரும்பி, பின்பக்கம் ஒரு குடிசையில், தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். ஊர் கூடி விரட்டும் காட்சி எழுத எளிது. அம்மா சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் தட்டு காலியாகும்வரை அங்கேயே நின்று பேசிக்கொண்டிருப்பதை எழுதுவது கடினம், அதை எழுதுங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். ஒழுகுகிறதென்றால் யாருமே முதலில் என்ன செய்வார்கள்? குடிப்பதைக் குறைப்பார்கள். அல்மாஸும் அதைத்தான் செய்வாள். காலையில் ஒரு வாய், ராத்திரி ஒரு வாய். அவளுக்குத் தெரியாதது இதுதான்: குடிப்பது குறைந்தால் ஒழுகுவது நிற்காது, சிறுநீர் கெட்டியாகும். கெட்டியான சிறுநீரில் நெடி கூடும், உப்பு கூடும். தொடையின் தோல் வெந்து புண்ணாகும். சிலருக்கு மூத்திரப்பையில் கல் சேரும். நாற்றம் கூடக் கூட அவள் இன்னும் குறைத்துக் குடிப்பாள். தன் புத்தியால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் எடுக்கும் ஒரே முடிவு அவளுக்கே எதிராகத் திரும்புகிறது. இதில் வில்லன் கிடையாது. அழுகையும் தேவையில்லை. வாய் காய்ந்த ஒரு பெண், பக்கத்தில் நிறைந்த பானை, அவள் கை அதன் பக்கம் போகவில்லை என்று எழுதினால் வாசகர் தொண்டை வறண்டுபோகும்.

பருவம். ஜூலை மாதத்தில் எத்தியோப்பிய மலைநாட்டில் வெயில் கொளுத்தாது. ஆப்பிரிக்கா என்றாலே பாலைவனம் என்று நம் மனதில் படிந்துபோன படம் அது. கோந்தர், லாலிபேலா பக்கமெல்லாம் 2,000 மீட்டருக்கு மேல்; கொடைக்கானலை மனதில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பெருமழைக் காலம். ஜூலையை மாற்ற வேண்டாம், வெயிலை மாற்றுங்கள். மழை உங்களுக்கு இரண்டு காரியம் செய்து தரும். ஒன்று, வலி வந்தவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போக ஆட்கள் வேண்டும். பாதை சேறு, ஆறு நிறைந்து ஓடுகிறது, அக்கரையில்தான் சாலை. தாமதத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு, பிறகு வரும் நாட்களில் துவைத்த துணி காயாது. மணிக்கு 60 மில்லி, காயாத துணி, குளிர். தகவலாகச் சொல்ல ஒரு வரிகூட வேண்டாம். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் துணிகளை எண்ணினால் போதும்.

மாமியாரைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். அவள் தன் பிள்ளைகளை அதே தரையில் பெற்றவள். வலி நீண்டால் பொறுமையாக இரு என்றுதான் சொல்வாள், அவளுக்கு அப்படித்தான் ஆயிற்று. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் "மூன்று தாமதம்" என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் மருத்துவம் கிடைப்பதில் தாமதம். மூன்றையும் ஒரே கதையில் திணிக்காமல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என் யோசனை மூன்றாவது. எல்லோரும் நல்லவர்கள், தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தும்விட்டார்கள், சுகாதார நிலையத்தில் சிசேரியன் செய்ய ஆள் இல்லை, அடுத்த ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். கணவனைக் குடிகாரனாக்கியதால் வாசகர் கோபம் முழுவதும் அவன்மேல் போய் அடங்கிவிடுகிறது. அவன் நல்லவனாக இருந்து, கட்டிலின் ஒரு காலைத் தோளில் சுமந்து, பிறகு ஒரு வருஷம் கழித்து மெதுவாக வேறு கல்யாணத்துக்குச் சம்மதித்தால் அந்தக் கோபம் போக இடமில்லாமல் வாசகரிடமே தங்கும்.

வயதையும் யோசியுங்கள். எத்தியோப்பியாவின் 2000ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டப்படி திருமண வயது 18. கிராமங்களில் அதற்கு முன்பே நடக்கும் கல்யாணங்கள் உண்டு. வளராத இடுப்பில் ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஐந்தாவது பிரசவத்தில் பிஸ்டுலா வந்த பெண்களும் இருக்கிறார்கள். 13 வயது என்று போட்டதும் குழந்தைத் திருமணக் கதை என்று ஆகிவிடுகிறது. சரியான நேரத்தில் ஒரு சிசேரியன் நடந்திருந்தால் இது எதுவுமே இல்லை என்ற மையம் மறைந்துவிடுகிறது. 19 வயதாக்குங்கள்.

சின்னச் சின்னத் திருத்தங்கள். அங்கே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பிறகு அப்பா பெயர். நம் இனிஷியல் மாதிரிதான், ஆனால் கல்யாணமானாலும் மாறாது. நீங்கள் கணவன் பெயரைச் சேர்த்திருக்கிறீர்கள். "காலை ஏழு மணி" என்று அவள் சொல்ல மாட்டாள்; சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணும் கணக்கில் அது ஒரு மணி. மணியைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவதே நல்லது. சோறு வடிப்பதை எடுத்துவிடுங்கள். டெஃப் என்ற சிறுதானியத்தின் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அகலமான கல்லில் வெளியிலிருந்து உள்ளாகச் சுற்றி ஊற்றி, மூடி, ஒரு பக்கம் மட்டும் வேகவைக்கும் இஞ்செராதான் அங்கே சாப்பாடு. தோசை வார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இது புரியும், விளக்க வேண்டாம். அதைக் கதைக்குள் கொண்டுவர ஒரே ஒரு வழி உண்டு: வீட்டில் மாவு கரைக்கும் வேலை அவளுடையதாக இருந்தது, ஒரு நாள் பானை தங்கையின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற சாப்பாட்டு விவரங்கள், காப்பிச் சடங்கு, நடனம் எல்லாம் வெட்டப்பட வேண்டியவை. சுற்றுலாப் பயணியின் கண் அது, அல்மாஸுக்கு அது எல்லாமே வீடு.

"முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்" என்பதை வெள்ளைப் பருத்தித் துண்டு என்று மாற்றினால் போதும். நெத்தலா என்ற பெயரை ஒரு முறை சொல்லலாம். அயல்மொழிச் சொல்லை அடைப்புக்குறிக்குள் விளக்காதீர்கள். வாக்கியத்திலேயே விளங்க வேண்டும், விளங்காவிட்டால் அந்தச் சொல் வேண்டாம். "அம்மா" என்பதற்கு அவர்கள் பேசும் அம்ஹாரிக் மொழிச் சொல்லைத் தேடிப் போட்டிருக்கிறீர்கள். அவளுக்கு அம்மா, நமக்கும் அம்மா. தமிழிலேயே கூப்பிடட்டும்.

ஆஸ்பத்திரிப் பகுதி. அடிஸ் அபாபா பிஸ்டுலா மருத்துவமனையைத் தொடங்கியவர்கள் ரெஜினால்ட் ஹேம்லின், கேதரின் ஹேம்லின் என்ற மகப்பேறு மருத்துவத் தம்பதி. அவர் நியூசிலாந்துக்காரர், இவர் ஆஸ்திரேலியர். 1959இல் எத்தியோப்பியாவுக்கு வந்தார்கள். மருத்துவமனை 1974இல் திறந்தது. கேதரின் 2020இல் அங்கேயே காலமானார். பெரிய வாழ்க்கைதான். ஆனாலும் உங்கள் கதையில் அவர் வாசலில் நின்று கையை நீட்டும்போது அல்மாஸ் சின்னவளாகிப் போகிறாள். அதே இடத்தில் மாமிட்டு காஷே என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர், பிஸ்டுலா நோயாளியாக வந்து, ஹேம்லின் தம்பதியின் பக்கத்தில் நின்று வேலை கற்று, தானே அறுவைசிகிச்சை செய்து, வெளியூர்களிலிருந்து வந்த டாக்டர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். அந்த மருத்துவமனையில் துணை நர்ஸ்களாகப் பலர் முன்னாள் நோயாளிகள். அல்மாஸின் கட்டில் அருகே முதலில் வருபவள் தானும் ஒரு காலத்தில் ஒழுகிக்கொண்டிருந்தவளாக இருக்கட்டும். உண்மையான பெயர்களை எடுத்து வசனம் போடாதீர்கள். அவர்கள் இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

சிகிச்சையின் வரிசை இது. பிரசவமாகிக் கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டால், ஓட்டை சின்னதென்றால், யூரின் டியூப் போட்டு நாலைந்து வாரம் வைத்திருந்தாலே சிலருக்கு மூடிக்கொள்ளும். இல்லையென்றால் சதை ஆற வழக்கமாக மூன்று மாதம் காத்திருந்து தைக்கிறார்கள். மாதக்கணக்கில் குடிசையில் சுருண்டு படுத்திருந்தவர்களுக்கு முழங்கால் மடங்கியபடியே இறுகியிருக்கும். அவர்களுக்கு முதலில் சாப்பாடு, உடற்பயிற்சி, பிறகுதான் ஆபரேஷன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்கிறார்கள். ஆக, அவள் விழித்திருக்கிறாள், பேச்சைக் கேட்கிறாள். நீங்கள் மயக்கம் கொடுத்துவிட்டு, கண் விழித்தால் குணம் என்று எழுதியிருப்பது பெரிய இழப்பு. ஏனென்றால் கதையின் உச்சம் ஆபரேஷன் மேசையில் நடப்பதில்லை. அதற்குப் பிறகான 14 நாளில் நடக்கிறது.

அந்த 14 நாளும் டியூப் இருக்கும். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டியூப் அடைத்தாலோ மடங்கினாலோ மூத்திரப்பை நிரம்பும், நிரம்பினால் தையல் பிரியும். எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. அடைக்காமல் இருக்க ஒரே வழி நிறையக் குடிப்பது, ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர். நிறம் தெளிந்து, தண்ணீர் மாதிரியே வர வேண்டும். நர்ஸ்கள் ஒவ்வொரு கட்டிலிலும் பார்ப்பது மூன்றே விஷயம்: குடிக்கிறாளா, வடிகிறதா, படுக்கை உலர்ந்திருக்கிறதா.

இப்போது பாருங்கள். குடிக்காமல் இருப்பதே தன்னைக் காப்பாற்றும் என்று வருஷக்கணக்கில் பழகியவளிடம், குடித்தால்தான் பிழைப்பாய் என்கிறார்கள். கதை இங்கே இருக்கிறது. எவ்வளவு வெறுமையாக எழுத முடியுமோ அவ்வளவு வெறுமையாக எழுதுங்கள். கீழே ஒரு மாதிரி தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ள அல்ல, எந்தத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று காட்ட:

"நர்ஸ் கூஜாவோடு வந்தாள். தகரக் குவளையை நிறைத்து அல்மாஸின் கையில் கொடுத்தாள். அல்மாஸ் உதட்டை நனைத்துக்கொண்டு குவளையை விரிப்பின் மேல் வைத்தாள். நர்ஸ் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து, குழாயின் முனையில் ஒரு சொட்டு திரண்டு விழுவதைப் பார்த்தாள். அடுத்த சொட்டு வர நேரமானது. நிமிர்ந்து குவளையைக் காட்டினாள். அல்மாஸ் குடித்தாள். குடித்து முடித்ததும் பழக்கத்தில் கையைத் தொடைக்குக் கீழே விட்டுப் பார்த்தாள். விரிப்பு உலர்ந்திருந்தது. நர்ஸ் இன்னொரு குவளை ஊற்றினாள்."

இதில் "பயந்தாள்" என்று இல்லை, "நம்பவில்லை" என்று இல்லை. தொடைக்குக் கீழே போகும் கை அதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் 14 அழுகைகளில் 13ஐ இப்படிக் கையின் வேலையாக மாற்ற முடியும். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், எங்கே என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. பால் கட்டிய நாள் என் கணக்கில் சரியான இடம்.

முடிவு. கடைசிப் பக்கத்துப் பேச்சை முழுவதும் எடுத்துவிடுங்கள். தைத்த இடம் மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: மூத்திரப்பைக்குள் நீலச் சாயம் கலந்த நீரை ஏற்றி, பிறப்புப் பாதையில் பஞ்சு வைத்து, சற்றுப் பொறுத்து எடுத்துப் பார்ப்பார்கள். பஞ்சு வெள்ளையாக இருந்தால் மூடிவிட்டது, நீலமானால் இல்லை. இதைச் சொன்னதும் கதையை வெள்ளைப் பஞ்சில் முடிக்க உங்கள் கை துறுதுறுக்கும். முடிக்காதீர்கள். ஓட்டை மூடினாலும் இருமும்போதும் எழும்போதும் ஒழுகுகிற பெண்கள் ஒரு பங்கு இருக்கிறார்கள். குணமானவர்களுக்கும் சில மாதம் உடலுறவு கூடாது, அடுத்த குழந்தை சிசேரியனில்தான் என்று சொல்லி அனுப்புகிறார்கள். சிசேரியன் எட்டாத அதே ஊருக்கு. ஊர் திரும்பும்போது மருத்துவமனை ஒவ்வொருவருக்கும் புதுத் துணி கொடுக்கிறது. அவள் புதுத் துணியோடு பஸ்ஸில் ஏறி, உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வருகிறாள் என்றால், வழியில் ஓரிடத்தில் உட்காருகிறாள் என்றால், அங்கே நிறுத்தலாம். அந்த இடம் எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி உங்கள் 12 நாட்டுத் திட்டம். இதில் எனக்கு உடன்பாடில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். நாட்டுக்கு ஒரு துயரம் என்று வைத்தால் ஒவ்வொரு நாடும் அந்தத் துயரத்தின் விளம்பரப் பலகையாகிவிடுகிறது. எத்தியோப்பியா என்றால் பிஸ்டுலா, நேபாளம் என்றால் மாதவிடாய்க் குடிசை என்று. அதற்குப் பதில் ஒரே காயத்தைப் பின்தொடர்ந்து போங்கள். அது உங்களை நேராக அமெரிக்காவுக்கு அழைத்துப்போகும்.

அலபாமா மாநிலம், மான்ட்கோமரி, 1845. ஜே. மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருந்த சிறு மருத்துவமனையில் அடிமைப் பெண்கள்மேல் பிஸ்டுலா ஆபரேஷனைச் செய்து பார்க்கத் தொடங்கினார். மூன்று பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும்: அனார்கா, பெட்சி, லூசி. நாலு வருஷம். அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கவில்லை. ஈதர் என்ற மயக்க மருந்து 1846இலேயே பாஸ்டனில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டப்பட்டுவிட்டது. லூசிக்குத்தான் முதல் ஆபரேஷன். சிறுநீர் வடிவதற்காக அவர் ஒரு கடற்பஞ்சுத் துண்டை உள்ளே வைத்துவிட்டார். அது உப்புப் படிந்து கல்லாக இறுகி, சீழ் பிடித்து, அவள் சாகும் நிலைக்குப் போனாள். அல்மாஸின் கட்டிலுக்கு அடியில் சொட்டும் குழாயை இப்போது நினைத்துப் பாருங்கள். வடிவது நின்றால் என்ன ஆகும் என்பதை லூசியின் உடம்பில்தான் கற்றார்கள். உதவிக்கு வந்த வெள்ளை டாக்டர்கள் அலுத்துப்போய் நின்றுவிட்ட பிறகு இந்தப் பெண்களே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்தார்கள். 1849இல் வெள்ளிக் கம்பியால் தைத்தபோது அனார்காவின் ஓட்டை மூடியது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்றிருந்த சிம்ஸின் சிலை 2018இல் அகற்றப்பட்டது.

இந்த மூன்று பெண்களும் சொன்ன ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் சிம்ஸ் எழுதிவைத்தது. அதனால் அனார்காவின் மனதுக்குள் புகுந்து "நான்" என்று எழுதாதீர்கள். லூசியின் மேல் கத்தி படும்போது அவளுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெட்சியின் கைகளை எழுதலாம். அவள் அடுத்தது தன் முறை என்று அறிந்தவள். இது கதைக்காரரின் கற்பனை என்று வாசகருக்குத் தெரியும்படி எழுதுங்கள்.

நேபாளக் கதையின் குறிப்பையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டே விஷயம். மேற்கு மலைப்பகுதியில், அச்சாம், பாஜுரா, டோட்டி மாவட்டங்களில், மாதவிடாய் நாட்களில் பெண் தங்கும் மண்குடிசைக்குச் சாவு பெரும்பாலும் மூன்று வழியில் வருகிறது: பாம்பு, குளிர், புகை. நீங்கள் பாம்பைத் தேர்ந்திருக்கிறீர்கள்; பாம்பு வெளியிலிருந்து வரும் விபத்து. புகை அப்படியல்ல. ஜன்னல் இல்லாத, குனிந்து நுழையும் அறையில், குளிர் தாங்காமல் அவள் தன் கையாலேயே நெருப்பு மூட்டி, குழந்தைக்குக் காற்றுப் படக் கூடாதென்று கதவை இறுக்கிச் சாத்துகிறாள். இரண்டாவது: "சட்டம் வந்தது, வழக்கம் ஒழிந்தது" என்று முடித்திருக்கிறீர்கள். நேபாள உச்ச நீதிமன்றம் 2005இல் தடை சொன்னது. மூன்று மாதச் சிறையோ 3,000 ரூபாய் அபராதமோ என்ற தண்டனைச் சட்டம் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு 2019 ஜனவரியில் பாஜுராவில் ஒரு தாயும் இரண்டு மகன்களும் அப்படி ஒரு குடிசையில் இறந்தார்கள். அதிகாரிகள் குடிசைகளை இடித்த ஊர்களில் சில பெண்கள் அதைவிட மோசமான இடத்தில் படுத்தார்கள். இடித்த பிறகு வரும் முதல் மாதம் அவள் எங்கே படுக்கிறாள் என்று கேட்டு எழுதினால் அது யாரும் எழுதாத கதை.

வேலைக்கு வருவோம். அல்மாஸ் கதையை 11 பக்கத்திலிருந்து ஆறு பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். 1,800 சொல் தாராளம். மூன்று காட்சி போதும்: நனைந்த விடிகாலை, மழைக்காலத்தில் பின்பக்கக் குடிசை, 14 நாளில் ஒரு நாள். நடுவில் உள்ள வருஷங்களைத் துணியின் எண்ணிக்கையால் கடந்துவிடலாம். "எத்தியோப்பியாவில் ஆண்டுதோறும்" என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிடுங்கள், இதழ்க்காரர்கள் கட்டுரை என்று சொன்னது அதைப் பார்த்துத்தான். திருத்திய பிறகு, உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் யாராவது தெரிந்தால் கடைசிக் காட்சியைப் படித்துக் காட்டுங்கள். யூரின் டியூப் அடைத்தால் நோயாளி முதலில் எங்கே வலிக்கிறதென்று சொல்வாள், டியூப் மடங்காமல் இருக்க எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வார்கள் என்று கேளுங்கள். எத்தியோப்பியாவுக்குப் போகாமல் கிடைக்கக்கூடிய விவரம் அது.

மூன்றாவது காட்சியை மட்டும் முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அல்மாஸ் அன்றைக்குக் குடித்தது எத்தனை குவளை என்பதை ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்புங்கள்.